எண்களோடு வாழ்ந்த ஒரு வாத்தியார்



ஆண்டு மலருக்குப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மாணவர் பேரவையில் கேட்டார்கள். என் வகுப்புத் தோழர்கள் விஞ்ஞானிகளையும் தலைவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை. அவர் பெயர் தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர். அவர் ராக்கெட் விட்டவர் அல்ல. பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவரும் அல்ல. ஆனால் ஒரு பேனாவும் ஒரு துண்டுக் காகிதமும் கையிலே இருந்தால், அவர் நமக்கு விட்டுப்போன சொத்தை இந்த நிமிஷமே நீங்கள் பார்த்துவிடலாம்.

நான்கு இலக்கம் உள்ள ஏதாவது ஒரு எண்ணை எழுதுங்கள். நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி ஒரு எண் எழுதுங்கள். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி இன்னொரு எண் எழுதுங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்த விடைக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நான் 1949 என்ற எண்ணை எடுத்துக்கொள்கிறேன். ஏன் இந்த எண் என்று பிறகு சொல்கிறேன்.

9941 - 1499 = 8442
8442 - 2448 = 5994
9954 - 4599 = 5355
5553 - 3555 = 1998
9981 - 1899 = 8082
8820 - 0288 = 8532
8532 - 2358 = 6174

இனி 6174-ஐ அடுக்கிப் பாருங்கள். 7641 - 1467 = 6174. அதே எண்! எத்தனை தடவை கழித்தாலும் இனி அதைவிட்டு நகராது. நீங்கள் எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் ஏழு தடவைக்குள் இந்த 6174-க்கு வந்து சேர்ந்தே தீரவேண்டும். இடையிலே மூன்று இலக்க விடை வந்தால் முன்னால் ஒரு சைபர் போட்டு நான்காக்கிக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் கவனம். இந்த எண்ணுக்கு இன்று காப்ரேகர் மாறிலி என்று பெயர்.

தகப்பனார் தந்த ஆசை

காப்ரேகர் 1905-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள், பம்பாய்க்கு வடக்கே கடலோரத்திலுள்ள தஹானு என்ற ஊரில் பிறந்தார். எட்டு வயதிலேயே தாயை இழந்தார். தகப்பனார் ஒரு குமாஸ்தா. அவருக்கு ஜோதிடத்தில் பைத்தியம். ஜாதகம் கணிக்கக் கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் ஓயாமல் செய்ய வேண்டும் அல்லவா? அதைப் பார்த்துப் பார்த்தே பையனுக்கு எண்கள்மேல் ஆசை வந்தது. ஜோதிடம் தகப்பனாரோடு நின்றுபோனது, கணக்கு மகனைப் பிடித்துக்கொண்டது.

தானேயில் பள்ளிப் படிப்பு. 1923-இல் பூனா ஃபெர்குசன் கல்லூரியில் சேர்ந்தார். 1927-இல், மாணவர்கள் சொந்தமாகச் செய்த கணிதப் படைப்புக்குக் கொடுக்கப்படும் பராஞ்சபே பரிசைப் பெற்றார். 1929-இல் பி.எஸ்ஸி. பட்டம். அதோடு படிப்பு முடிந்தது. எம்.எஸ்ஸி. படிக்கவில்லை, டாக்டர் பட்டமும் வாங்கவில்லை. நாசிக் பக்கத்திலே தேவ்லாலி என்ற சின்ன ஊரில் பள்ளி ஆசிரியரானார். 1962-இல் ஓய்வு பெறும் வரை அங்கேயேதான் இருந்தார்.

பகலில் பள்ளிக்கூடம், மற்ற நேரமெல்லாம் எண்கள். இதுதான் அவர் வாழ்க்கை. பம்பாயிலிருந்து ஏறக்குறைய முப்பது மைல் தூரத்தில் டோம்பிவிலி என்ற ரயில் நிலையம் உண்டு. அதை அந்தக் காலத்தில் டெம்லோ என்றும் சொல்வார்கள். அங்கே அவருக்குத் தோன்றிய ஒருவகை எண்களுக்கு டெம்லோ எண்கள் என்றே பெயர் வைத்துவிட்டார். 11-இன் வர்க்கம் 121, 111-இன் வர்க்கம் 12321, 1111-இன் வர்க்கம் 1234321. மலையேறி இறங்குவது போல வருகிற இவையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் ரயிலுக்காகக் காத்திருந்தால் என்ன செய்வோம் என்று நினைத்துப் பாருங்கள்!

அவர் பெயர் வைத்த பிள்ளைகள்

45-இன் வர்க்கம் 2025. அதை நடுவிலே வெட்டினால் 20, 25. இரண்டையும் கூட்டினால் மறுபடியும் 45. 297-இன் வர்க்கம் 88209. 88-உடன் 209-ஐக் கூட்டினால் 297. இவை காப்ரேகர் எண்கள்.

தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியில்லாமல் வகுபடும் எண்ணுக்கு ஹர்ஷத எண் என்று பெயர் வைத்தார். ஹர்ஷம் என்றால் மகிழ்ச்சி, மகிழ்ச்சி தரும் எண் என்பது பொருள். நம் கும்பகோணத்து ராமானுஜனோடு சேர்த்துச் சொல்லப்படும் 1729-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1+7+2+9 = 19. 19-ஐ 91-ஆல் பெருக்கினால் 1729. அதுவும் ஒரு ஹர்ஷத எண்தான்!

இன்னொன்று சுய எண். ஒரு எண்ணோடு அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையைச் சேர்த்தால் வேறொரு எண் பிறக்கும். 15-உடன் 1-ஐயும் 5-ஐயும் சேர்த்தால் 21. ஆகவே 21-க்குத் தகப்பன் 15. ஆனால் 20-க்குத் தகப்பனைத் தேடிப் பாருங்கள், கிடைக்கவே கிடைக்காது. கோயிலிலே சுயம்புலிங்கம் என்கிறோமே, அதுபோலத் தானே தோன்றியவை 20, 31, 42, 53 முதலான எண்கள். இவற்றைப் பற்றி அவர் 1963-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். இவற்றுக்குத் தேவ்லாலி எண்கள் என்றும் ஒரு பெயர் உண்டு. சின்ன ஊர் ஒன்றின் பெயர் இப்படிக் கணித உலகத்தில் ஏறிவிட்டது!

சென்னையும் சிரிப்பும்

6174-ஐ அவர் கண்டுபிடித்தது 1946-இல். அதை முதன்முதலில் அறிவித்தது எங்கே தெரியுமா? நம் சென்னையில்தான்! 1949-இல் அங்கே நடந்த கணித மாநாட்டில் அறிவித்தார். மேலே நான் 1949 என்ற எண்ணை எடுத்ததற்கு அதுதான் காரணம். இன்னொரு வேடிக்கை, அவர் பிறந்த 1905-ஐப் போட்டாலும் சரியாக ஏழாவது தடவைதான் 6174 வரும். நீங்களே செய்து பாருங்கள்.

மாநாடுகளுக்கு அவர் தன் கைக்காசைப் போட்டுத்தான் போனார். கட்டுரைகளைப் பெரிய பத்திரிகைகள் வாங்காதபோது சிறு புத்தகமாகத் தானே அச்சிட்டார். நம் நாட்டுக் கணித அறிஞர்கள் சிலர் அவருடைய வேலையை விளையாட்டு என்று ஒதுக்கினார்கள், சிரித்தவர்களும் உண்டு.

அவர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி அவர்களே 1940-இல் வெளியான தம் நூலில் இப்படிப்பட்ட ஒன்றைக் குறிப்பிட்டிருக்கிறார். நான்கு இலக்க எண்களில், திருப்பிப் போட்ட எண்ணின் மடங்காக வருபவை 8712, 9801 என்ற இரண்டுதான். 2178-ஐ நான்கால் பெருக்கினால் 8712. 1089-ஐ ஒன்பதால் பெருக்கினால் 9801. புதிர்ப் பக்கத்துக்கு இது நல்லது, கணித அறிஞரைக் கவரும் சரக்கு இதில் இல்லை என்பது ஹார்டியின் எண்ணம்.

இப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 17 என்பது பகா எண் என்றால், அதை எப்படி எழுதினாலும் பகா எண்தான். பைனரியில் 10001 என்று எழுதினாலும் அது பகா எண்தான். ஆனால் 6174-இன் சேட்டை அந்த எண்ணின் குணமா, நாம் பத்துப் பத்தாக எண்ணி எழுதுவதால் வந்த குணமா? மனிதனுக்குக் கையில் எட்டு விரல் இருந்திருந்தால் காப்ரேகர் என்ன செய்திருப்பார்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எட்டு நூல் ஒரு இஞ்ச்

இங்கே என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பாடத்திலே ஆக்டல் வந்தபோது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பத்து இருக்கும்போது எதற்கு எட்டு என்று தோன்றியது. எங்கள் வீட்டில் கேட்கவும் ஆள் கிடையாது, பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

எங்க அப்பா நெய்யூரில் கொத்தனார். திங்கள்நகர், இரணியல், குளச்சல் என்று வேலை கிடைக்கிற இடத்துக்கெல்லாம் போவார். ஒரு லீவு நாளில் நானும் கூடப் போயிருந்தேன். அப்பா டேப்பைப் பிடித்து ஒரு பக்கம் அஞ்சு நூல், மறுபக்கம் ஆறு நூல் என்று அளந்தார். இரண்டும் சேர்ந்து ஒரு இஞ்சும் மூணு நூலும் என்று சட்டென்று சொன்னார். பதினொன்று என்று அவர் சொல்லவே இல்லை. எட்டு நூல் சேர்ந்தால் ஒரு இஞ்ச், அதற்குமேல் மிச்சம் மூணு. ஆக்டலில் 5-உடன் 6-ஐக் கூட்டினால் 13! புத்தகத்தில் எனக்கு ஏறாதது அந்தச் சுவரடியில் ஏறிவிட்டது. அப்பா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். ஆனால் முப்பது வருஷமாக ஆக்டலில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்று ராத்திரியே காப்ரேகரை ஆக்டலுக்குக் கொண்டுபோனேன். 1234 என்ற ஆக்டல் எண்ணில் ஆரம்பித்தேன். கடன் வாங்கும்போது பத்து அல்ல, எட்டு என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

4321 - 1234 = 3065
6530 - 0356 = 6152
6521 - 1256 = 5243
5432 - 2345 = 3065

மறுபடியும் 3065! மூன்று எண்களும் செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வருகின்றன, ஒன்றிலும் நிற்கவில்லை. பத்தில் எல்லாரையும் ஒரே வாசலுக்கு இழுத்த 6174 போன்ற ஒன்று எட்டில் இல்லை. பைனரியில் கதை இன்னும் வேறு. நான்கு இலக்கத்தில் ஒரே ஒரு 1 இருந்தால் 1000 - 0001 = 0111. மூன்று 1 இருந்தால் 1110 - 0111 = 0111. இரண்டு 1 இருந்தால் 1100 - 0011 = 1001. அவ்வளவுதான், இரண்டு வாசல். உள்ளே போனவர் அங்கேயே இருப்பார். ஹர்ஷத எண்ணும் தப்பவில்லை. 12-ஐ எந்த அடிமானத்தில் எழுதினாலும் அது ஹர்ஷத எண்தான், எட்டைத் தவிர! எட்டில் அது 14, கூட்டுத்தொகை 5, பன்னிரண்டு ஐந்தால் வகுபடாது.

உண்மையைச் சொன்னால் எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. அப்படியானால் சிரித்தவர்கள் சொன்னதுதான் சரியோ? ஒரு மனிதர் ஆயுளைக் கொடுத்தது வெறும் எழுத்து விளையாட்டுக்கோ?

உடை மாறியும் மாறாதது

விடாமல் மூன்று இலக்கத்தில் போட்டுப் பார்த்தேன். பத்தடிமானத்தில் மூன்று இலக்க எண்கள் எல்லாம் 495-இல் வந்து முடியும். 954 - 459 = 495. ஆக்டலில் போட்டால் 374. 743 - 347 = 374. நின்றுவிட்டது! ஹெக்ஸாடெசிமலில் போட்டால் 7, எஃப், 8 என்ற எண்ணில் நின்றது. பைனரியில் 110 - 011 = 011.

இவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள். பத்தில் 4, 9, 5. எட்டில் 3, 7, 4. பதினாறில் 7, எஃப் அதாவது பதினைந்து, 8. இரண்டில் 0, 1, 1. கடைசி இலக்கம் அடிமானத்தில் பாதி. முதல் இலக்கம் அந்தப் பாதியில் ஒன்று குறைவு. நடு இலக்கம் அடிமானத்தில் ஒன்று குறைவு. ஒரே எண் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது!

காரணமும் எளிதுதான். மூன்று இலக்கத்தை அடுக்கிக் கழித்தால் நடு இலக்கம் அடிபட்டுப் போகும். பெரிய இலக்கத்துக்கும் சிறிய இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே மிஞ்சும். பத்தில் விடை எப்போதும் அந்த வித்தியாசத்தின் 99 மடங்கு. அந்த வித்தியாசம் ஒவ்வொரு தடவையும் நகர்ந்து நகர்ந்து, அடிமானத்தின் பாதிக்கு வந்ததும் நிலைத்துவிடுகிறது. ஒற்றைப்படை அடிமானத்துக்குப் பாதி கிடையாதே! அதனால் ஐந்தில் போட்டால் 242, 143 என்று ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கும்.

நான்கு இலக்கத்திலும் இதே வழிதான். வெளி இலக்கங்களின் வித்தியாசத்தை 999-ஆலும், உள் இலக்கங்களின் வித்தியாசத்தை 90-ஆலும் பெருக்கிக் கூட்டினால் விடை. நான்கு இலக்கமும் ஒன்றானவற்றைத் தள்ளினால், 0000 முதல் 9999 வரை 9990 எண்கள். முதல் கழித்தலிலேயே அத்தனையும் வெறும் 54 எண்களாகச் சுருங்கிவிடுகின்றன. வித்தியாசம் 6-ம் 2-ம் ஆனால் 5994-உடன் 180, அதுதான் 6174. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

கடைசியாக ஹார்டி ஒதுக்கிய 9801-ஐயும் எட்டுக்குக் கொண்டுபோனேன். ஆக்டலில் 1067-ஐ ஏழால் பெருக்கினால் 7601. அங்கும் திருப்பிப் போட்ட எண்! அதுமட்டுமல்ல, பத்தில் 9801 என்பது 99-இன் வர்க்கம், 98-உடன் 01 சேர்ந்தால் 99, அதாவது 99 ஒரு காப்ரேகர் எண். ஆக்டலில் 7601 என்பது 77-இன் வர்க்கம், 76-உடன் 01 சேர்ந்தால் 77.

இவை என் கண்டுபிடிப்பு அல்ல. எனக்கு முன்னே பலர் கண்டவைதான். ஆனால் எனக்கு ஒன்று விளங்கியது. காப்ரேகர் பார்த்ததில் சில, எழுதும் முறையோடு போய்விடும். சில, எந்த முறையில் எழுதினாலும் கூடவே வரும். எது எந்த வகை என்பதை மேலே பார்த்துச் சொல்ல முடியாது, அடிமானத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். போட்டுப் பார்க்க வேண்டுமானால் முதலில் ஒருவர் அதைக் கவனித்திருக்க வேண்டும் அல்லவா? அந்தக் கவனத்தைத்தான் அவர் ஆயுள் முழுக்கக் கொடுத்தார்.

தாமதமாக வந்த புகழ்

1962-இல் ஓய்வு. 1966-இல் மனைவி காலமானார். ஓய்வூதியம் போதவில்லை, கணக்கும் அறிவியலும் டியூஷன் எடுத்துக் காலம் தள்ளினார். அப்போதும் எண்களை விடவில்லை. 1975-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில் மார்ட்டின் கார்ட்னர் என்பவர் காப்ரேகரைப் பற்றியும் அவருடைய எண்களைப் பற்றியும் எழுதினார். அதன் பிறகு உலகம் முழுவதும் அவர் பெயர் பரவியது. அப்போது அவருக்கு எழுபது வயது! 1986-இல் தேவ்லாலியிலேயே மறைந்தார். இன்று கம்ப்யூட்டர் புரோகிராம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் பலர் போட்டுப் பார்க்கும் பயிற்சிகளில் 6174-ம் ஒன்று. அவரோ அதைக் கையால் கழித்துக் கழித்துக் கண்டார்.

நண்பர்களே, டிப்ளமோதானே என்று நம்மைச் சொல்பவர்கள் உண்டு. இதைப் படித்தால் வேலை கிடைக்குமா, இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களும் உண்டு. என் வீட்டு நிலைமைக்கு அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட முடியாது, எனக்கும் சீக்கிரம் ஒரு வேலை வேண்டும். காப்ரேகரும் வேலையை விட்டுவிட்டு எண்களின் பின்னே போகவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஒழுங்காகப் பாடம் நடத்தினார். சம்பளத்துக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை என்று இரண்டையும் சுமந்தார். இரண்டாவது வேலைக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை என்பதற்காக அதை அவர் விடவில்லை. யாரும் சிரித்தார்கள் என்பதற்காகவும் விடவில்லை.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் பதிவு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை எடுத்துக் கழித்துப் பாருங்கள். எத்தனையாவது தடவையில் 6174 வருகிறது என்று என்னைப் பார்க்கும்போது சொல்லுங்கள். எனக்கு ஐந்தாவது தடவையில் வந்தது. பிறகு நேரம் இருந்தால் எட்டிலும் போட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் பக்கத்திலே வேலை நடக்கிற எந்தக் கொத்தனாரிடமும் கேட்கலாம், எட்டு நூல் ஒரு இஞ்ச் என்று அவர் சொல்லித் தருவார்!

- இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை,
நெய்யூர்.